பறிபோன பெயர்கள் குறித்து பல் டாக்டர் சம்பந்திக்கு

வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் இடது தோளைத் தவிர மற்ற அனைவரும் நலம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், அவர்களுடைய முழங்காலும், பால்கனியில் தாங்கள் வளர்க்கும் தொட்டிச் செடிகளும் குறைவின்றி இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம், போனை எடுத்தால் பேசி முடித்துவிடலாம், இந்தக் காலத்தில் பேனாவைத் தேடி எடுத்துக் கடிதம் எழுதுகிறாரே மனுஷர், படியில் விழுந்ததில் தலையிலும் அடி பட்டிருக்குமோ என்று தாங்கள் நினைக்கக்கூடும். தலை நன்றாகத்தான் இருக்கிறது. இது போனில் சொல்ல முடியாத விஷயம். போனில் சொன்னதால் வந்த விஷயம் என்றும் சொல்லலாம். முழுவதும் படித்தால் தங்களுக்கே விளங்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் யார் மேலும் பழி போடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

தாங்கள் அறிந்ததுதான், வேலையில் இருந்த காலம் முழுக்க நான் லிஃப்ட் பரிசோதகன். மேலே போவதும் கீழே வருவதும்தான் பிழைப்பு, ஆனால் அதைக் காலால் செய்து எனக்குப் பழக்கமில்லை. எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதாகி, மெக்கானிக் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று இழுத்தடித்து, வேறு வழியில்லாமல் நான்காம் மாடியிலிருந்து நடந்து இறங்கினேன். இரண்டாம் மாடி வரை பிரமாதமாக இறங்கினேன். அதற்குக் கீழே இறங்கியதை இறங்கியது என்று சொல்ல முடியாது. தோள் எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, கையைக் கழுத்தோடு கட்டிப் படுக்க வைத்தார்கள். அங்கேதான் ஒரு மனிதனுக்குச் சட்டை எவ்வளவு பெரிய எதிரி என்று தெரிந்துகொண்டேன். சட்டை மாட்ட ஒருவர், கையைத் தாங்க ஒருவர், நான் போடும் கூச்சலைக் கேட்க ஒரு வார்டு. இதைப் பார்க்கப் பொறுக்காமல் தங்கள் மருமகள், அதாவது எங்கள் மகள், என் நல்ல நீலச் சட்டையைக் கழுத்திலிருந்து கை முனை வரை கத்தரித்து, ஓரம் மடித்துத் தைத்து, பிரித்தால் பிரியவும் அழுத்தினால் ஒட்டவும் கூடிய பட்டையை வைத்துக் கொண்டுவந்தாள். மேலே போர்த்தி, தோளில் ஒரு அழுத்து, கையில் ஒரு அழுத்து, முடிந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் எனக்கும் ஒன்று என்றார். நர்ஸ் வந்து பார்த்தார், பெரிய நர்ஸ் வந்து பார்த்தார், கடைசியில் ஆஸ்பத்திரியில் சாமான் வாங்கும் அதிகாரியே வந்து என் தோளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் அவள் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டதும், எங்கள் முன்னறையில் தையல் மிஷினைப் போட்டதும். தாங்கள்கூட அன்று வந்திருந்தீர்கள். ஒரு சட்டையை எடுத்து, உள்புறம் திருப்பி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தையலையே ரொம்ப நேரம் பார்த்தீர்கள். அவள் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாங்கள் சட்டையை மடித்து வைத்துவிட்டு, "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தங்களைக் குறை சொல்லவில்லை. தாங்கள் பல் டாக்டர். வேலை பார்த்த காலமெல்லாம் பதில் சொல்ல முடியாதபடி வாயைப் பிளந்துகொண்டிருப்பவர்களிடமே பேசியவர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவர்தான், தங்கள் வாயைத் திறக்க வைக்கத்தான் ஆள் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் மிஷினைத் துடைத்துக்கொண்டே, "மாமாவுக்குப் பிடிக்கலப்பா. ஒரு வார்த்தை, நல்லா இருக்கும்மான்னு சொல்லியிருந்தா போதும், வேற யாரு என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்ல" என்றாள். நான்தான், "அவரு பார்க்கலாம்னா நல்லாருக்குன்னு அர்த்தம்மா" என்று சமாளித்தேன். எனக்கே நம்பிக்கையில்லை. சரி, அது போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி அதிகாரி முதல் ஆர்டர் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. நாளை வெள்ளிக்கிழமை மாலைக்குள் கடையின் பெயரைப் பதிவு செய்து, அந்தப் பெயரிலேயே இணையத்தில் ஒரு முகவரி, அந்த முகவரியிலிருந்து ஒரு மெயில், இவ்வளவும் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த வருஷம் பார்ப்பார்களாம். இணையத்து முகவரிப் பெயருக்கு டொமைன் என்று பெயராம். உலகத்தில் ஒருத்தர் ஒன்றை எடுத்துவிட்டால் இன்னொருத்தருக்கு அது கிடையாது. பெயர் வைக்கும் பொறுப்பை மகள் என்னிடம் கொடுத்தாள், முதல் சட்டையைப் போட்டவன் என்ற மரியாதைக்கு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு நல்ல பெயரைச் சொல்கிறேன், அதை அவள் எடுக்கிறாள், முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

இங்கேதான் கம்ப்யூட்டருக்குள் இருந்து வேலை பார்க்கும் அந்த ஏஐ ஏஜென்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி வைத்துக் கொடுத்தாரே, அதேதான். ஏஜென்ட் என்றதும் கமிஷன் கேட்கும் ஆள் என்று முதலில் பயந்தேன். இது கேட்பதில்லை. தங்களுக்கு அது செஸ் ஆடத் துணை என்று கேள்வி. இங்கே அதுதான் கடை ஆள். துணி விலை விசாரிக்கும், கடிதம் எழுதும், நான் கேட்கும் அசட்டுக் கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். நான் அதை நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறேன். "மிஷினுக்கு எதுக்கு வாங்க போங்க? என்னை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்த ஏஜென்ட்டிடம் நான் ஒரு பெயரைச் சொன்னால், அது தனக்குள்ளே வைத்திருக்கும் ஒரு கருவியை எடுத்து, அந்தப் பெயர் உலகத்தில் யாரிடமாவது இருக்கிறதா, என்றைக்கு எடுத்தார்கள், என்றைக்கு வரைக்கும் என்றெல்லாம் கேட்டு வந்து சொல்லும்.

"அம்மாடி, அந்தக் கருவிய எனக்கும் கொஞ்சம் காட்டேன்" என்றேன் மகளிடம்.

"அது நமக்கு இல்லப்பா."

"நமக்கு இல்லன்னா? பின்ன யாருக்கு?"

"இதுக்குத்தான். ஏஜென்ட்டுங்களுக்குன்னே செஞ்சது. நாம பாக்கறதுக்கு அதுல ஒண்ணும் இருக்காது."

கேளுங்கள், சம்பந்தி. நான் பார்த்த இயந்திரம் எல்லாம் மனுஷனை நினைத்துச் செய்தவை. லிஃப்டில் பொத்தான் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும் உயரத்தில். பக்கத்தில் புள்ளி எழுத்து எதற்கு? கண் தெரியாதவருக்கு. கண்ணாடி எதற்கு? காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் தலையாவது சீவிக்கொள்ளட்டும் என்று. இங்கே ஒரு கருவி, மனுஷன் வருவான் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல். பொத்தான் கிடையாது, படம் கிடையாது, வாருங்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. பார்த்தே தீருவேன் என்று நான் அடம்பிடித்ததால் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து காட்டினாள். ஒரு வரி போனது. ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். உலகம் பூராவும் கேட்டுவிட்டு வந்துவிட்டதாம், நான் கொட்டாவி விட ஆரம்பித்து முடிப்பதற்குள். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு கையை ஏற்கெனவே கழுத்தோடு கட்டியிருக்கிறது, மற்றதை நானாகவே கட்டிக்கொண்டேன். "எதுக்குப்பா நிக்கிற?" என்றாள். எனக்கே தெரியவில்லை. அவ்வளவு பெரிய காரியம் அவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும்போது உட்கார்ந்து பார்க்க மனசு வரவில்லை.

அன்று முழுக்க நான் வேறு வேலை பார்க்கவில்லை. தெரிந்த வார்த்தையெல்லாம் கேட்டேன். முக்கால்வாசி யாரோ எடுத்துவிட்டார்கள். வாய்க்கு வந்ததை உளறினேன், அர்த்தமே இல்லாத சத்தம், அதில்கூட ஒன்றை எவரோ எடுத்து வைத்திருக்கிறார். யார் அந்தப் புண்ணியவான், எதற்காக அதை எடுத்தார், இப்போது எங்கே உட்கார்ந்து அதை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்க நினைக்க மயிர்க்கூச்செறிந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து, "என் பேர் இருக்கான்னு கேளுங்க" என்றாள். இருக்கிறது, வேறு யாரிடமோ. "யாரு அவ?" என்றாள் உடனே. ஏஜென்ட், உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டிருக்கிறது, அந்தப் பெயர் இரண்டு மாதத்தில் காலாவதியாகிறது என்றது. அவள் முகம் வெளிறிவிட்டது. அதுவாகவே, "பெரும்பாலும் புதுப்பித்துவிடுவார்கள்" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. இன்னொரு குழப்பமும் எங்களுக்கு ஆரம்பத்தில் இருந்தது. அந்தக் கருவி, அப்படி ஒன்று காணப்படவில்லை என்று சொன்னால் அது நல்ல செய்தி. இருக்கிறது, எடுக்கப்பட்டுவிட்டது என்று சொன்னால் கெட்ட செய்தி. இது விளங்கும் வரை என் மனைவி நல்ல செய்திக்கெல்லாம் மகளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படியாக யோசித்து யோசித்துப் போன வாரம் ஒரு பெயரைப் பிடித்தேன். தோள்துணை. சொல்லிப் பாருங்கள். மகள் சொல்லிப் பார்த்தாள், கத்தரியைக் கீழே வைத்தாள், "அப்பா, இதுதாம்ப்பா" என்றாள். கருவியைக் கேட்டோம். காணப்படவில்லை! மகள் உடனே எடுத்துவிடுகிறேன் என்றாள். நான்தான் தடுத்தேன். சம்பந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி? நம் இரண்டு வீட்டு மரியாதை அப்படிப்பட்டதல்லவா. கல்யாணம் முடிந்து எல்லோருமாகத் தீவுக்குப் படகில் போனோமே, நினைவிருக்கிறதா? தாங்கள் முன்னால் ஓடிப்போய் எங்களுக்காக ஒரு வரிசை முழுக்கத் துண்டு போட்டு இடம் பிடித்தீர்கள். துண்டு என்றால் துண்டு மட்டுமா, குடை, கண்ணாடிக் கூடு, தங்கள் செருப்பில் ஒன்று. நாங்கள் வந்து பார்த்தோம், யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள், பிறத்தியார் இடத்தில் உட்காரலாமா என்று போகும் வழி முழுக்க ஓரமாக நின்றே வந்தோம். எங்களுக்கு உட்காரப் பிடிக்கவில்லை போலும், வற்புறுத்தினால் தவறாகிவிடும் என்று தாங்களும் பேசாமல் வந்தீர்கள். இறங்கும்போது தாங்கள் ஒற்றைச் செருப்போடு துண்டை மடித்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அப்படிப்பட்ட மரியாதை. அதனால் போன் செய்து தங்களிடம் பெயரைச் சொன்னேன். தாங்கள் "பார்க்கலாம்" என்றீர்கள்.

மறுநாள் காலை மகள் பதிவு செய்யப் போனால், எடுக்கப்பட்டுவிட்டது என்கிறது ஏஜென்ட். முந்தின நாள்தான் யாரோ எடுத்திருக்கிறார்கள். மகள் மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டாள். சரி, கண் மூடித் திறப்பதற்குள் உலகத்தில் யாருக்கோ அதே யோசனை வந்திருக்கிறது, என்ன ஆச்சரியம் என்று நான் வாயைப் பிளந்தேனே தவிர சந்தேகப்படவில்லை. பெயர் பறிபோனது என்று தங்களிடம் சொன்னால் தங்கள் மேல் ஐயப்படுகிற மாதிரி இருக்குமோ என்று, "அது சரிப்படல சம்பந்தி, வேற ஒண்ணு யோசிச்சிருக்கோம், மெல்லுடை" என்று மட்டும் போனில் சொன்னேன். தாங்கள் "பார்க்கலாம்" என்றீர்கள். மெல்லுடையும் போயிற்று. இதமாடை என்றேன். அதுவும் போயிற்று.

இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தங்கள் மேல் இல்லை, சத்தியமாக இல்லை. முதலில் கருவி மேல். கேட்கிற கேள்வியை யாராவது ஒட்டுக் கேட்கிறார்களோ? ஏஜென்ட்டையே நேருக்கு நேர் விசாரித்தேன், எங்கள் கம்பெனியில் விபத்து நடந்தால் விசாரிக்கிற மாதிரி. "நான் இந்தப் பெயர்களை வேறு யாரிடமும் சொல்லவில்லை. இவற்றை எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஊகித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை" என்றது. தெரியாது என்று நேராகச் சொல்லும் ஆளை எங்கள் குடும்பத்தில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அதன் மேல் இருந்த மரியாதை இன்னும் கூடிவிட்டது. அடுத்த சந்தேகம், என் தோளைத் திருக வரும் பிசியோதெரபிப் பெண் மேல். வலியில் நான் என்னென்னவோ கத்துவேன், பெயரையும் கத்தியிருக்கலாம். ஆகவே ஒரு பரிசோதனை வைத்தேன். நான்காவது பெயர், பொத்தானில்லா. பெரிய பெயர் இல்லைதான், நல்லதெல்லாம் போய்விட்டதே. அதை அந்தப் பெண்ணிடம் மட்டும், சத்தமாக, தெளிவாக, மூன்று தரம் சொன்னேன். பாவம், தோள் ரொம்ப வலிக்குதா சார் என்றாள். அன்றும் பெயர் பத்திரம், மறுநாளும் பத்திரம். அப்புறம் தங்களிடம் போனில் சொன்னேன். தாங்கள் "பார்க்கலாம்" என்றீர்கள். போனை வைத்த சூடு ஆறுவதற்குள் கருவியைக் கேட்டோம். எடுக்கப்பட்டுவிட்டது.

தங்களைச் சொல்லவில்லை. தங்கள் வீட்டு மாடியில் டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர் குடியிருக்கிறாரே, அவர் சத்தம் போடாத நேரத்தில் என்ன செய்கிறார்? ஒட்டுத்தானே கேட்பார்? தாங்கள் அவரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கையாக மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் ஐந்தாவது பெயரை நாங்கள் விளையாட்டாகச் சொன்னோம். என் மனைவி சலித்துப்போய், "வலிக்காத சட்டைன்னு வச்சிட்டுப் போங்களேன்" என்றாள். வேண்டுமென்றே அதைத் தங்களிடம் போனில் சொன்னேன். அதையும் எடுத்துவிட்டார்கள், சம்பந்தி. வலிக்காத சட்டையை! உலகத்தில் எவனுக்கு அது வேண்டும்? அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

ஏஜென்ட்டை அந்த ஐந்து பெயருக்கும் உள்ள பதிவு விவரத்தை வாசிக்கச் சொன்னோம். ஐந்தையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி எடுத்திருக்கிறார்கள். பெயர் மறைத்திருக்கிறது. எடுத்த நேரம் மட்டும் இருக்கிறது, ஏதோ பொது நேரக் கணக்கில். மகள் அதை நம் நேரத்துக்கு மாற்றி, என் போனில் தங்களுக்குப் பேசிய நேரத்தோடு ஒப்பிட்டாள். நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. சாதாரணமாக இப்படிப் பெயர் எடுப்பவர்கள் ஒரு வருஷத்துக்கு எடுப்பார்களாம். இவன் ஐந்தையும் பத்து வருஷத்துக்கு எடுத்திருக்கிறான். பத்து வருஷம்! என்ன வன்மம் இருந்தால் ஒரு பெண் குழந்தை கடை வைக்கக் கூடாது என்று பத்து வருஷத்துக்கு வழியை அடைத்து வைப்பான்? அதைக் கேட்டதும் மகள் எழுந்து போய் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். தைக்கவில்லை. "அப்பா, நான் ஒண்ணு கேக்கட்டா? மாமாவுக்கு நான் இத செய்யறது அவ்ளோ பிடிக்கலயா?" என்றாள். வேலையை விட்டபோதுகூட, ஊசி விரலில் ஏறியபோதுகூட அவள் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. தங்களிடம் நேரில் கேட்க எனக்குத் துணிவில்லை. அந்த ஒற்றைக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம், சம்பந்தி, மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது.

எடுத்தவர் யாராக இருந்தாலும் பெயர் மறைந்திருந்தாலும் அவருக்குக் கடிதம் போட ஒரு வழி இருக்கிறதாம். எங்கள் ஏஜென்ட் அந்த வழியாகக் கேட்டிருக்கிறது. நாங்கள் யார் என்று சொல்லவில்லை, தெரிந்தால் விலையை ஏற்றுவான் என்று மகள் சொன்னாள். வாங்க விரும்பும் ஒருவர் என்று மட்டும் போட்டு, தோள்துணை என்ற பெயரைத் தர முடியுமா என்று கேட்டது. பதில் இல்லை. மறுபடி, நல்ல விலை தருவார்கள் என்று மரியாதையாகக் கேட்டது. இதுவரை பதில் இல்லை. இனி வந்தாலும் பயன் இருக்கும் என்று தோன்றவில்லை. ஆறாவதாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அது பெயர் என்றுகூடச் சொல்ல முடியாது, நாலு எழுத்தைக் குலுக்கிப் போட்டது. கருவி காணப்படவில்லை என்கிறது, அதுவே அதன் ஒரே தகுதி. அதை நான் தங்களுக்குப் போனிலும் சொல்லப் போவதில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதப் போவதில்லை. தவறாக எண்ண வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு மகள் பதிவு செய்துவிடுவாள்.

அடுத்த மாதம் கடை திறக்கும்போது தங்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும். சம்பந்தியம்மாவின் முழங்காலை வேறு யோசிக்க வேண்டும். தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்களுக்கு அறவே இல்லை. உறவில் எந்தக் குறையும் வராது, வழக்கம்போல் பேசுவோம், வழக்கம்போல் தாங்கள் பார்க்கலாம் என்று சொல்வீர்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும் என் மனைவியின் அன்பையும் தெரிவிக்கவும். தொட்டிச் செடிகளுக்கும் எங்கள் நல்வாழ்த்துகள். டிரம்ஸ்காரருக்கு எதுவும் தெரிவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மேல் எந்தச் சந்தேகமும் இல்லாத,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: அதே வியாழக்கிழமை, இன்னும் யாரும் சாப்பிடவில்லை.

இதற்கு மேலே எழுதியிருப்பதை எல்லாம் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பாராவில் முழங்காலை விசாரித்தது மட்டும் இருக்கட்டும். உறையை ஒட்டப் போகும் சமயத்தில் ஏஜென்ட், "பதில் வந்திருக்கிறது. வாசிக்கட்டுமா?" என்றது. எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் அது வாசித்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதை எழுதியவர் அதை யாருக்கு எழுதினோம் என்று தெரியாமல் எழுதியிருக்கிறார்.

"ஐயா அல்லது அம்மா, தாமதத்துக்கு மன்னிக்கவும். எந்த விலைக்கும் இந்தப் பெயர் விற்பனைக்கு இல்லை. இதை என் மருமகளின் கடைக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அவள் அப்பா தினம் ஒரு பெயர் சொல்கிறார், எதில் நிற்பார் என்று தெரியவில்லை. முடிவு செய்யும் வரை வேறு யாரும் கொண்டுபோய்விடாமல் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறேன், திறப்பு நாளில் கொடுப்பதாக இருக்கிறேன். நானும் ஈறுகளில் எத்தனையோ தையல் போட்டவன். அவள் தைத்த சட்டையைத் திருப்பிப் பார்த்தேன், அப்படி ஒரு தையலை என் வாழ்க்கையில் நான் போட்டதில்லை. அன்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் தொழிலுக்கும் நல்ல பெயர் அமையட்டும்."

வாசித்து முடித்ததும் ஏஜென்ட்டுக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும், மறுபடி வாசிக்கட்டுமா என்று கேட்டது. வாசித்தது. மகள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு குரலில், "பத்து வருஷம்ப்பா. மாமா என் கடை பத்து வருஷம் ஓடும்னு நெனச்சு எடுத்திருக்காரு" என்றாள். நான் அந்தப் பத்து வருஷத்தை என்னவென்று எழுதியிருக்கிறேன் என்று மேலே பார்க்க வேண்டாம். பிறகு அவள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போய், தோள்துணை இருக்கிறதா என்று கேட்டாள். தெரிந்த பதில்தான், இருந்தாலும் கேட்டாள். மன்னிக்கவும், அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லுடையைக் கேட்டாள். எடுக்கப்பட்டுவிட்டது. இதமாடை, எடுக்கப்பட்டுவிட்டது. பொத்தானில்லா, எடுக்கப்பட்டுவிட்டது. வலிக்காத சட்டைக்கு வரும்போது என் மனைவியும் சேர்ந்துகொண்டு கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் நாங்கள் சிரித்ததை அந்த ஏஜென்ட் என்னவென்று நினைத்திருக்குமோ. கெட்ட செய்திக்குச் சந்தோஷப்படும் குடும்பம் என்று எங்காவது குறித்து வைத்திருக்கும்.

கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். "கிழிக்காதீங்க. நீங்க பட்ட பாடு அவருக்கும் தெரியட்டும். தெரிஞ்சாத்தான் அடுத்த தடவ வாயத் தொறந்து சொல்லுவாரு" என்றாள் என் மனைவி. ஆகவே அப்படியே அனுப்புகிறேன். போனில் நான் சொன்னால் அழுதுவிடுவேன், தாங்கள் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவீர்கள். சாப்பாட்டுக்கு வந்த மாப்பிள்ளை இப்போதே இதை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். படித்ததும் திறப்பு நாளுக்குக் காத்திராமல் முதல் பெயரை உங்கள் மருமகள் கையில் கொடுத்துவிடுங்கள், நாளை மாலைக்குள் ஆஸ்பத்திரிக்கு மெயில் போக வேண்டும். கூடவே அந்தத் தையலைப் பற்றி எழுதினீர்களே, அதை ஒரு தடவை உங்கள் வாயால் அவளிடம் சொல்லிவிடுங்கள். திறப்பு நாளன்று நீங்களும் சம்பந்தியம்மாவும் எல்லோருக்கும் முன்னால் வர வேண்டும். டிரம்ஸ்காரரையும் அழைத்து வாருங்கள், அவரிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்று படகில் நீங்கள் பிடித்து வைத்த இடத்தில் உட்காராமல் நாங்கள் நின்றே வந்தோம். இந்தத் தடவை உட்காருகிறோம், சம்பந்தி.